சிவப்பு நூல் உலகம்

அன்பும் மரியாதையும் கொண்ட அண்ணன் அவர்களுக்குத் தங்கை எழுதிக்கொள்வது. அன்பு இப்போதைக்குக் கொஞ்சம் கம்மி, மரியாதை வழக்கம்போல. இங்கே நாங்கள் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்தைக் கேட்பதுதான் முறை. ஆனால் நேற்று மறுபடியும் மறுபடியும் போன் பண்ணி, "அழிச்சிட்டியா, அழிச்சிட்டியா" என்று கேட்ட குரலிலேயே உங்கள் சௌக்கியம் தெரிந்துவிட்டதால் கேட்கவில்லை. அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும். அவர் கையில் தீப்பெட்டி எதுவும் கொடுக்க வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே, "சார்ஜ் இல்லம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்குச் சார்ஜ் வேண்டாம். என் வீட்டுக்காரர் ஓட்டும் பஸ் உங்கள் தெருமுனையில்தான் நின்று போகிறது. கையிலேயே கொடுத்துவிட்டு, நீங்கள் பிரித்துப் படிக்கிற வரைக்கும் வண்டியை எடுக்கக் கூடாது என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். பயணிகள் திட்டினால் அது உங்கள் பொறுப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த கேம் சர்வர் நான் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது கிடையாது. இவருக்குக் கால் முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தபோது, பொழுது போகவில்லை என்று ஒரு பழைய கம்ப்யூட்டரை அலமாரி மேல் உட்காரவைத்து ஆரம்பித்தது. ஆளில்லாத தீவு, குளிர், பசி, இருட்டினால் ஓநாய். மரம் வெட்டி, கல் உடைத்து, வீடு கட்டி உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. நிஜத்திலும் அதைத்தானே செய்கிறோம், இதை வேறு தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டுமா என்று நான் அப்போதே கேட்டேன். யார் காதில் விழுந்தது? சொந்தக்காரர்களை ஒவ்வொருத்தராக உள்ளே இழுத்தார். நீங்கள் வந்தீர்கள், அண்ணி வந்தார், ஆடு வளர்க்கிறேன் என்று சித்தப்பா வந்தார், கடைசியில் நம்ம தம்பியும் வந்தான். இவருக்குக் கால் சரியானதும் பஸ்ஸுக்குப் போய்விட்டார், சர்வர் என் தலையில் விழுந்தது. பகலெல்லாம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் யார் யாரோ படுத்த விரிப்பை வெளுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் உங்கள் பஞ்சாயத்து.

தம்பி தீவுக்குள் கால் வைத்த அன்றைக்கே நீங்கள் செய்த காரியம் என்ன? அவன் குடிசைக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே, மலையடியிலிருந்து கடல் வரைக்கும் ஒரு கல் சுவர். கேட்டால் ஓநாய்க்காக என்றீர்கள். ஓநாய் மலையிலிருந்து இறங்கி வருகிறது, சுவர் தம்பி வீட்டைப் பார்த்து நிற்கிறது, நானும் வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து சுவருக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அவன், நடுவில் தபால்காரி நான். "அவன் வெட்டுற மரம் என் பக்கம் விழுது, அவன்கிட்ட சொல்லு" என்பீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "மரம் விழுற இடத்துல அந்த ஆளை நிக்க வேணாம்னு சொல்லு" என்பான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மைக்கில் இருக்கிறீர்கள், ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்கு நன்றாகவே கேட்கிறது, ஆனாலும் நான் சொன்னால்தான் காதில் ஏறும். உங்களுக்கு அவன் 'அவன்', அவனுக்கு நீங்கள் 'அந்த ஆளு'. அண்ணன் என்ற சொல்லை அவன் வாயால் கேட்டு வருஷக்கணக்காகிறது.

எல்லாம் அப்பா போன அன்றைக்கு ஆரம்பித்தது, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிகிறது. அப்பா கட்டிலில் கண்ணைத் திறந்து திறந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி போனில், "நான் கிளம்பி வரட்டுமா?" என்று கேட்டான். நீங்கள், "அவசரமில்ல, மெதுவா வா" என்றீர்கள். புது வேலைக்குப் போயிருக்கிறான், லீவு கேட்டால் கஷ்டம், அப்பா எப்படியும் தேறிவிடுவார் என்று நினைத்துத்தான் சொன்னீர்கள். பக்கத்தில்தான் நின்றேன், எனக்குத் தெரியும். அவனும் மெதுவாக வந்தான். வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "வேணும்னேதான் சொல்லல" என்று கூடத்தில் நின்று கத்தினான். அப்போது, "தெரியாமப் போச்சுடா" என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, உங்கள் வாயிலிருந்து வந்திருந்தால் அன்றைக்கே இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுது முடித்திருப்பீர்கள். "பெரியவன் எனக்குத் தெரியும், நீ வாயை மூடு" என்றீர்கள். அவன் மூடிக்கொண்டான். இன்னும் திறக்கவில்லை.

சரி, அப்டேட்டுக்கு வருகிறேன். கேம் கம்பெனிக்காரர்கள் பெரிதாக அறிவிப்பு விட்டார்கள். புதுக் கடல், புயல், படகு எல்லாம் வருகிறது. ஆனால் இது பரிசோதனைப் பதிப்பு, பழைய உலகங்கள் இதில் உடைந்து போகலாம், ஒரு தடவை புதியதில் திறந்துவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது, வெளியே இருந்து சேர்த்த மோடுகளையெல்லாம் கழற்றிவிடுங்கள், முதலில் ஒரு நகலில் ஓட்டிப் பாருங்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அதை முழுசாகப் படித்தது நான் ஒருத்தி. நீங்கள் படித்தது 'படகு' என்ற ஒரு சொல். "எப்பம்மா படகு விடுவ?" என்று குழந்தை மாதிரி நச்சரித்தீர்கள். மோடுகளைக் கழற்றுங்கள் என்றால், சுவர் நெடுக நீங்கள் மாட்டி வைத்த அணையாத விளக்கு மோடைக் கழற்றமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். சித்தப்பாவிடம் ஆடுகளைப் பட்டியில் அடைத்து வையுங்கள் என்று சொன்னேன். "ஆடுகளுக்கு அப்டேட்டைப் பத்தி யாரும்மா எடுத்துச் சொல்றது? நீயே சொல்லிடு" என்றார். பொருளையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள் என்றேன். அண்ணிதான் உங்கள் கிடங்கு முழுவதையும் அடுக்கினார். நீங்கள் பின்னால் நின்றுகொண்டு, "தோலை மேல வை, எலும்பைக் கீழ வை, அது அப்படியில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

எங்கள் சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சோப்போ புது மெஷினோ வந்தால், நேராக வார்டு துணியைப் போட்டுவிட மாட்டோம். பழைய விரிப்பு ஒன்றை எடுத்து, மூலையில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு, அதை முதலில் உள்ளே விடுவோம். அது கிழியட்டும், சாயம் ஏறட்டும், கவலை இல்லை. சிவப்பு நூல் துணி எந்தக் காரணத்துக்கும் வார்டுக்குத் திரும்பாது, கந்தல் கூடைக்குத்தான் போகும். திரும்பப் போக வேண்டியதற்குப் பச்சை நூல். இன்னொன்றும் சொல்கிறேன், பெருமைக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்: இத்தனை வருஷ வேலையில், பையைத் தடவிப் பார்க்காமல் ஒரு துணியும் என் கையைத் தாண்டி மெஷினுக்குள் போனதில்லை. டாக்டர் பேனா, நர்ஸ் மோதிரம், யாரோ ஒரு பெரியவருடைய பல்செட், எல்லாவற்றையும் காப்பாற்றிக் கொடுத்த கை இது. அந்தப் பழக்கத்தில்தான் சர்வரிலும் செய்தேன். நம்முடைய உலகத்துக்கு 'பச்சை நூல்' என்று பேர் வைத்தேன். அதற்கு ஒரு நகல் எடுத்து, 'சிவப்பு நூல்' என்று பேர் வைத்தேன். அதற்கும் மேலே, எதற்கும் இருக்கட்டும் என்று நம் பழைய உலகத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, என் சலவைக்கூடக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது, நீங்கள் பதறவேண்டாம்.

பிறகு எல்லோரையும் சிவப்பு நூலுக்குக் கூப்பிட்டேன். புது அப்டேட் இதில் ஓடுகிறது, ஏறுங்கள், விழுங்கள், உடையுங்கள், எது உடைகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், இது ஒத்திகை, முடிந்ததும் கந்தல் கூடைக்குப் போய்விடும் என்றேன். சொன்னதுதான் தாமதம், ஒவ்வொருத்தர் மனசிலும் இருந்தது வெளியே வந்தது. சித்தப்பா மொத்த ஆட்டையும் ஒரே படகில் ஏற்றி நடுக்கடலில் கவிழ்த்துவிட்டு, "ரிகர்சல்தானேம்மா" என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் ஒரு படகை எடுத்து ஒவ்வொரு கரையாக நிறுத்தி, "இன்னும் ரெண்டு பேர் ஏறட்டும், உள்ள தள்ளிப் போங்க" என்று காலி மணலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அண்ணி மெதுவாக நடந்துபோய், உங்கள் கிடங்குக்குத் தீ வைத்தார். அடுக்கின தோல், அடுக்கின எலும்பு, எல்லாம் போயிற்று. ஏன் அண்ணி என்று கேட்டேன். "கல்யாணமானதுலேர்ந்து எதை எங்க வைக்கணும்னு உங்க அண்ணன் சொல்லிட்டே இருக்காரு. எரிஞ்சா எப்படி இருக்கும்னு பாத்தேன். நல்லாத்தான் இருக்கு" என்றார். தம்பி மட்டும் வரவில்லை. குளிர்பதனக் கிடங்கில் அவனுக்கு ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமைதான் வரமுடியும் என்று சொல்லிவிட்டான்.

அப்புறம் நீங்கள். புயல் வந்தால் உங்கள் சுவர் தாங்குகிறதா என்று பார்க்க நான் அந்தப் பக்கம் வந்தேன். புயல் இரைச்சலில் நான் வந்தது உங்களுக்குத் தெரியவில்லை, தெரிந்திருந்தால் ஓடியிருப்பீர்கள். குந்தாலியை வைத்துக்கொண்டு சுவரை இடித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும், ஒரு கல் விடாமல். அந்தக் கல்லை எல்லாம் சுமந்துபோய் உங்கள் வீட்டோடு ஒட்டி ஒரு அறை கட்டினீர்கள். கதவைத் தம்பி வீட்டைப் பார்த்து வைத்தீர்கள். உள்ளே ஒரு படுக்கை, பக்கத்தில் ஒரு விளக்கு. படுக்கையை இந்தப் பக்கம் போட்டு, அந்தப் பக்கம் போட்டு, அவன் சுவரோரமாகத்தான் படுப்பான் என்று ஞாபகம் வந்து மறுபடி நகர்த்தினீர்கள். கடைசியாகக் கதவுக்கு வெளியே ஒரு பலகையை நட்டு, ரொம்ப நேரம் யோசித்து, இரண்டே சொல் எழுதினீர்கள்.

"உடனே வாடா."

அன்றைக்குப் போனில் சொல்லியிருக்க வேண்டிய இரண்டு சொல். மரத்துக்குப் பின்னால் நின்று, மவுஸைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, போய் அணைக்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் கழித்து என் அண்ணன் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன். பொழுது விடிந்தால் உங்கள் போன். "அந்த சிவப்பு நூலை அழிச்சிட்டியா?" அந்தப் பலகையை மட்டுமாவது நம்ம உலகத்தில் கொண்டுபோய் நடட்டுமா என்று கேட்டேன். "எந்தப் பலகை?" என்றீர்கள். அப்புறம், "பச்சையில சுவர் பத்திரமா இருக்குல்ல?" என்று கேட்டீர்கள்.

ஏன் அண்ணா இப்படி இருக்கிறீர்கள்? நான் வாய்விட்டே கேட்கிறேன். கந்தல் கூடைக்குப் போகிற உலகத்தில் மட்டும்தான் உங்களால் அண்ணனாக இருக்க முடியுமா? உங்களுக்குத் தைரியம் வர ஒரு தீவையே நகல் எடுத்துத் தர வேண்டியிருக்கிறது. ஆட்டை மூழ்கடித்த சித்தப்பாவுக்கு வெட்கமில்லை, கிடங்கைக் கொளுத்திய அண்ணிக்கு வெட்கமில்லை, ஒரு பாசத்தைக் காட்டிவிட்டு அதை அழித்துவிடு, அழித்துவிடு என்று வெட்கப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான். அந்தத் தடிப்பயல் மட்டும் என்ன, ஒழுங்கா? வருஷக்கணக்காக நீங்கள் கட்டின சுவருக்கு அந்தப் பக்கமே குடிசை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தீவில் வேறு இடமே இல்லையா? உங்கள் வீட்டுப் புகை தெரிகிற இடமாகப் பார்த்துத்தான் அவனுக்கும் குடியிருக்கத் தோன்றியிருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நின்று எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

போகட்டும். உங்கள் விருப்பப்படியே நேற்று சாயங்காலம் சிவப்பு நூல் உலகத்தை அழித்துவிட்டேன். பச்சை நூலில் புது அப்டேட்டை ஏற்றி ஓடவிட்டுவிட்டேன். உங்கள் சுவர் சுவராகவே இருக்கும், அண்ணி அடுக்கிய கிடங்கு அடுக்கினபடி இருக்கும், ஆடுகள் உயிரோடு இருக்கும், படுக்கையும் இல்லை பலகையும் இல்லை. நிம்மதியாக இருங்கள். இன்று முதல் இந்தச் சர்வர் நிர்வாகத்தை விட்டு நான் விலகிக்கொள்கிறேன், வேண்டுமானால் சித்தப்பாவோ அவருடைய ஆடோ பார்த்துக்கொள்ளட்டும். தபால் வேலையும் இன்றோடு முடிந்தது. 'அவன்கிட்ட சொல்லு', 'அந்த ஆளுகிட்ட சொல்லு' என்று யார் சொன்னாலும் இனிமேல் ஒரு சொல்லைக்கூட நான் சுமக்க மாட்டேன். இது உறுதி.

அண்ணிக்கு என் அன்பு. வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். ரத்தக்கொதிப்பு மாத்திரையை நேரத்துக்குப் போடவும், கோபம் கோபமாக இருந்தாலும் உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், கொஞ்சம் அறிவோடும் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
முன்னாள் சர்வர் நிர்வாகி, முன்னாள் தபால்காரி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று கடைசியாக ஒரு பார்வை பார்க்கலாமே என்று சர்வருக்குள் போனேன். உள்ளே நுழைந்ததும் கரிந்துபோன கிடங்கு தெரிந்தது. பட்டியில் ஒரு ஆடுகூட இல்லை. இவரைக் கூப்பிட்டு, அந்தக் கம்ப்யூட்டரில் நேற்று ஏதாவது கை வைத்தீர்களா என்று கேட்டேன். "ஆமா, ரிகர்சல் ட்ரிப்பு முடிஞ்சுதுல்ல? கடைசி ஸ்டாப் வந்துட்டா போர்டைத் திருப்பணும், இல்லன்னா ஆளுங்க தப்பா ஏறிடுவாங்க. பேர்ல சிவப்பைப் பச்சையாக்கிட்டேன், பச்சையைச் சிவப்பாக்கிட்டேன்" என்றார், ஏதோ எனக்கு ஒத்தாசை பண்ணின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அப்படியென்றால் நேற்று நான் சிவப்பு நூல் என்று அழித்தது நம்முடைய அசல் உலகத்தை. இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஒத்திகை. இனிமேல் இதுதான் அசல். சித்தப்பாவுக்கு நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

பென் டிரைவ் இருக்கிறதே, பழையதைத் திரும்ப ஏற்றலாமே என்பீர்கள். ஏற்றியிருக்கலாம். இந்தக் கலவரத்துக்கு நடுவில், கோட்டில் பால் கறை இருக்கிறதே என்று அதை எடுத்து வீட்டு மெஷினில் போட்டேன். கொதிக்கிற தண்ணீரில். இரண்டு தடவை. பையைத் தடவிப் பார்க்க மறந்துவிட்டேன், நானும் மனுஷிதானே.

இன்னொன்று. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை அல்லவா, நான் உள்ளே போனபோது தம்பி எனக்கு முன்னாலேயே வந்திருந்தான். பலகைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான், அசையவில்லை. "இது எப்ப எழுதினது?" என்று கேட்டான். எழுதின ஆளையே கேள் என்றேன். அப்புறம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான், படுக்கையைப் பார்த்தான், விளக்கைப் போட்டான். இன்னும் அங்கேதான் இருக்கிறான், எத்தனை நேரமானாலும் வெளியே போகமாட்டானாம். உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னான். தபால் மூடிவிட்டது என்று மேலேதான் எழுதியிருக்கிறேன், ஆனாலும் இந்த ஒன்றை மட்டும் சுமந்து வருகிறேன்.

"வந்துட்டேன்னு அண்ணன்கிட்ட சொல்லு" என்றான்.